கடிக்காத மருந்து

இந்த அம்மா காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறார் என்றுதான் உங்களைப் பார்த்ததும் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். முகத்தில் அப்படி ஒரு வாட்டம். கேட்கலாமா என்று வாய் வரை வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்தவரை நாம் விசாரிப்பது முறையில்லை என்று விட்டுவிட்டேன். என் மேசை இழுப்பறையில் பிஸ்கட் இருக்கிறது. எழுதி முடித்ததும் தருகிறேன்.

"நடந்ததை உங்க வார்த்தையிலயே எழுதுங்க. கடைசியில நான் சொன்ன அந்த ஒரு வரியையும் சேர்த்துக்குங்க" என்றீர்கள். இனி எந்தப் பட்டறையிலும் பாதுகாப்பு வகுப்பு எடுக்க மாட்டேன் என்பதுதான் அந்த வரி. அதை எழுதிக் கையெழுத்துப் போட்டால் விஷயம் தலைமை அலுவலகத்தோடு முடிந்துவிடும், என் கணவருக்கும் அவர் தம்பிக்கும் தெரிய வேண்டியதில்லை. எழுதாவிட்டால் நீங்களே அவர்களை உட்காரவைத்துச் சொல்வீர்கள். தெளிவாகச் சொன்னீர்கள். தெளிவாகப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்கும். என்னைப் போலவே.

நான் இந்த வண்டிப் பட்டறையில் பதினோரு வருடமாக ஸ்டோர் பார்க்கிறேன். கம்பிவலை போட்ட ஜன்னல், அதன் கீழே ஒரு பலகை, பின்னால் கூரை வரைக்கும் அலமாரி. போல்ட், நட்டு, பிரேக் ஷூ, கிரீஸ் டப்பா, துணிக் கழிவு எல்லாம் என் கையிலிருந்துதான் வெளியே போகும். பட்டறையில் என்னோடு சேர்த்துப் பதினேழு பேர். பதினாறு பேரும் என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். ஃபோர்மனுக்கு என் அப்பா வயது, அவரும் அண்ணிதான். ஒருநாள் கேட்டேவிட்டேன். "என்னம்மா பண்றது, வாயில அதுதான் வருது" என்றார்.

அதற்குக் காரணம் என் கொழுந்தன். நான் சொல்லித்தான் அவனை இங்கே மெக்கானிக்காக எடுத்தார்கள். முதல் நாளே இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் வந்து, முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து, "அண்ணி, பதினேழாம் நம்பர் ஸ்பானர் குடுங்க" என்று கத்தினான். அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர் விழுந்தது, எனக்கு அண்ணி. வெள்ளைச் சட்டை மதியத்துக்குள் கறுப்பாகிவிட்டது. பெயர்கள் அப்படியே நின்றுவிட்டன.

மாப்பிள்ளையைப் பிடிக்காதவர் இங்கே ஒருவரும் கிடையாது. ஃபோர்மன் தும்முவதை ஃபோர்மனுக்கு முன்னாலேயே செய்து காட்டுவான். ஃபோர்மன் சிரித்துச் சிரித்து நிஜமாகவே தும்மிவிடுவார். வீட்டிலும் அவனால்தான் கலகலப்பு. காலையில் என் மகளுக்குத் தலை பின்னுவது அவன் வேலை. நான் பின்னினால் பள்ளிக்கூடம் போவதற்குள் அவிழ்ந்துவிடும். அவன் பின்னினால் சாயங்காலம் வரை அசையாது. "போல்ட் முறுக்குற கை அண்ணி, சும்மாவா" என்பான். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் எழுதினால் நம்ப மாட்டீர்கள்.

பாதுகாப்புப் பொறுப்பு எனக்கு வந்தது மூன்று வருடத்துக்கு முன்னால். ஒரு சுற்றறிக்கை, ஒரு பிளாஸ்டிக் கோப்பு, முழங்கை வரை வரும் ரப்பர் கையுறைகள், கண்ணாடிகள், முகமூடிகள் வந்தன. கூடவே ஒரு பதிவேடு. வாரம் ஒரு நாள் கால் மணி நேரம் வகுப்பு எடுக்க வேண்டும். எடுத்தேன். துரு எடுக்கும் அமில மருந்தைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைக்காதீர்கள். எதில் ஊற்றினாலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். கலக்கும்போது தண்ணீரில் மருந்தை ஊற்றுங்கள், மருந்தில் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஷட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

எல்லோரும் தலையாட்டினார்கள். கையுறைகளுக்கும் நல்ல உபயோகம் கிடைத்தது. சூடான டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டார்கள்.

நான் பேசினால் எப்போதுமே அப்படித்தான். எதிரில் இருப்பவருக்கு அப்போதுதான் வேறு ஏதாவது வேலை ஞாபகம் வரும். என் கணவர் நல்லவர், ஆனால் நான் ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் டிவியின் சத்தத்தைக் கூட்டுவார். வேண்டுமென்று இல்லை, கை தானாகப் போகும். என் குரலே எனக்குச் சில சமயம் பக்கத்து அறையில் ஓடும் மின்விசிறி போலக் கேட்கும். இதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை. உங்கள் வார்த்தையில் எழுதுங்கள் என்றதால் எழுதினேன்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் துரு மருந்தை மாற்றினார்கள். பழையது மஞ்சளாக, மூக்கைத் துளைக்கிற வாடையோடு இருக்கும். புதியது தண்ணீர் மாதிரி. கேனோடு ஆறு பக்கக் காகிதம் வந்தது. பட்டறையில் அதைப் படித்தது நான் ஒருத்திதான், மூன்று தடவை. அந்த மருந்து பட்டால் முதலில் வலிக்காது. தோலில் ஒன்றும் தெரியாது. மணிக்கணக்கில் உள்ளே இறங்கி எலும்பு வரை போன பிறகுதான் வலிக்கும். பட்டது தெரிந்த உடனே தண்ணீரில் நன்றாகக் கழுவி, ஒரு கால்சியம் களிம்பைத் தேய்த்து, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். உடனே என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டிருந்தது. கடிதம் மேல் கடிதம் போட்டு அந்தக் களிம்பை வாங்கினேன். ஐந்து குழாய் வந்தது. என் நாற்காலிக்குப் பின்னால், சாவி போட்ட அலமாரியில் வைத்தேன்.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. புதுக் கேன் திறந்தால் இங்கே விரல் பார்ப்பார்கள். ஆட்காட்டி விரலை மருந்தில் தோய்த்து எடுத்து, எண்ணுவார்கள். பத்து எண்ணுவதற்குள் சுரீர் என்று கடித்தால் நல்ல மருந்து, தண்ணீர் கலக்கலாம். இருபது ஆனால் சுமார். கடிக்கவே இல்லையென்றால் செத்த மருந்து, அப்படியே ஊற்றித் தேய்க்கலாம். பழைய மருந்துக்கு அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது. விரலைத் துடைத்துக் கழுவினால் தோல் கொஞ்சம் உரியும், அவ்வளவுதான்.

புது மருந்து கடிக்காது. எவ்வளவு அபாயமோ அவ்வளவு சாதுவாக இருக்கும். அதை வகுப்பில் சொன்னேன். படம் காட்டினேன். "சாப்பாட்டு நேரத்துல இதெல்லாம் காட்டாதம்மா" என்று ஃபோர்மன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த வாரம் ஒரு கோழி எலும்பை உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குடுவையில் போட்டு, மேலே மருந்து ஊற்றி, இறுக மூடி, ஜன்னல் பலகையில் வைத்தேன். மறுநாள் அது எலும்பாக இல்லை. அதைச் சுற்றி நின்று பார்ப்பார்கள் என்று நினைத்தேன். வந்து பார்த்தால் குடுவையின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. "அண்ணி வச்ச சூப்."

மாப்பிள்ளையின் கையெழுத்து. பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன். நன்றாகத்தான் இருந்தது. சாப்பிடும்போது பெயிண்டர், "அண்ணி, உப்பு போட்டீங்களா?" என்றார். "அண்ணன் பாவம்டா, தினமும் இதத்தான் சாப்பிடுறாரு" என்றான் மாப்பிள்ளை. மறுபடியும் சிரிப்பு. வாரக் கணக்காக அதையே சொல்லிச் சிரித்தார்கள். வகுப்பு எடுக்க எழுந்து நின்றால் யாராவது கரண்டியால் தட்டுவார்கள்.

அதன் பிறகுதான் நான் நிதானமாக யோசிக்க ஆரம்பித்தேன். கோபத்தில் இல்லை. கோபத்தில் நான் எதையும் செய்ததில்லை. முற்றத்தில் நான்கு கேன் புது மருந்து இருக்கிறது. பதினாறு பேரும் விரல் பார்க்கிறவர்கள். இன்றோ நாளையோ ஒருவருக்கு ஆகும், பிறகு இன்னொருவருக்கு ஆகும். பதினாறு பேரில் ஐந்தாறு பேருக்காவது ஆகும். ஒரே ஒருவருக்கு ஆகி, அதை எல்லோரும் கண்ணால் பார்த்துவிட்டால் அத்தோடு முடியும். இதில் தவறு எங்கே என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நீங்களும் கணக்குத் தெரிந்தவர்தான்.

யாருக்கு என்பதுதான் கேள்வி. பெயிண்டருக்கு ஆனால், குடித்திருப்பான் என்று சொல்லிவிடுவார்கள். ஃபோர்மனுக்கு ஆனால், வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது என்பார்கள். எலெக்ட்ரீஷியனோடு யாருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, பாவம், இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள். எல்லோருக்கும் உறைக்க வேண்டுமென்றால் எல்லோருக்கும் வேண்டிய ஆளாக இருக்க வேண்டும். யோசித்துப் பார்த்தால் யோசிக்கவே வேண்டியதில்லை.

அன்றைக்கு யாருக்கு என்ன வேலை என்று எழுதிய ஜாப் கார்டுகளைப் பலகையில் மாட்டியது நான்தான். மாப்பிள்ளைக்குக் கிரீஸ் வேலை வந்திருந்தது. பழைய லாரியின் அடிச்சட்டத்தில் துரு எடுக்கும் வேலை எலெக்ட்ரீஷியனுக்குப் போயிருந்தது, அதுவே ஒரு விசித்திரம். இரண்டு கார்டையும் இடம் மாற்றினேன். ஃபோர்மன் கவனிக்கவில்லை.

ஒன்பது பத்துக்கு அவன் கேனைத் திறந்தான். நான் பதிவேட்டோடு எட்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். விரலைத் தோய்த்து எடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எண்ணினான். முப்பது வரை எண்ணினான்.

"அண்ணி, இது செத்த மருந்து. கொஞ்சங்கூட கடிக்கல."

"அப்படியா?" என்றேன்.

பதிவேட்டில் எழுதினேன். ஒன்பது பத்து, வெறும் விரலால் தொட்டார். நீங்கள் கோடு போட்டுவைத்திருக்கும் வரி அதுதான். தடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றவர் அதை ஏன் எழுதிவைத்தீர்கள் என்று கேட்டீர்கள். எழுதாமல் விட்டால் அது பொய்ப் பதிவேடு. என் பதிவேட்டில் பொய் கிடையாது.

விரல் நுனியில் ஒரு கொப்புளம் வரும், அதுவே போதும் என்று நினைத்தேன். ஆறு பக்கக் காகிதத்தில் கொப்புளம் என்று எங்கும் இல்லை, அது என் சொந்த எண்ணம். கடிக்கவில்லை என்பதால் அவன் தண்ணீர் கலக்காமலே ஊற்றி, துணியை நனைத்து, வெறும் கையால் அடிச்சட்டத்தைத் தேய்த்தான். அதை நான் எதிர்பார்க்கவில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எதிர்பார்த்தேன். செத்த மருந்தென்றால் அப்படித்தானே தேய்ப்பார்கள்.

பத்தரைக்கு ஜன்னலுக்கு வந்து இன்னும் துணி கேட்டான். கொடுத்தேன். ஈரக் கையோடு பலகையில் சாய்ந்துகொண்டு, "பாப்பாவுக்கு நாளைக்கு ஒத்தை ஜடையா, ரெட்டை ஜடையா அண்ணி?" என்றான். பள்ளிக்கூடத்தில் மறுநாள் புகைப்படம் எடுக்கிறார்கள்.

"ரெட்டை" என்றேன். களிம்பு வைத்த அலமாரி என் முதுகை ஒட்டி இருந்தது. திரும்பக்கூட வேண்டாம், கையைப் பின்னால் நீட்டினால் எட்டும்.

"ரிப்பன் செவப்பு வாங்கி வைங்க. நீலம் வேணாம், போட்டோல தெரியாது."

பன்னிரண்டரைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது கையை உதறினான். மரத்த மாதிரி இருக்கிறது என்றான். பெயிண்டர், "தேய்ச்சுத் தேய்ச்சு நோகுதாம் மாப்பிள்ளைக்கு, மாமனார் வீட்டுக்குத் தந்தி அடிங்கப்பா" என்றார். ஒன்றரைக்கு விரல்களைத் தண்ணீரில் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்போது அங்கே இரண்டு பேர்தான் இருந்தார்கள். மற்றவர்கள் வெளியே வண்டி தள்ளிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் பார்த்துப் பிரயோஜனமில்லை.

இரண்டு நாற்பதுக்கு அவன் கத்தினான். அப்படி ஒரு சத்தம் அவனிடமிருந்து வரும் என்று எனக்குத் தெரியாது. பதினைந்து பேரும் ஓடிவந்தார்கள். நான் நடந்துதான் போனேன். பட்டறைக்குள் ஓடக் கூடாது என்பது விதி. முதலில் என் கையுறையைப் போட்டுக்கொண்டேன், எல்லோரும் பார்க்கும்படி. குழாயடியில் அவன் கையைப் பிடித்தேன். களிம்பைப் பிதுக்கி ஒவ்வொரு விரலாகத் தேய்த்தேன். ஒவ்வொன்றையும் ஏன் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே செய்தேன். ஃபோர்மன் அழுதார். பெயிண்டர் அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "இதையெல்லாம் மொதல்லயே சொல்லக் கூடாதா அண்ணி?" என்று கேட்டார்.

"சொன்னேனே. மூணு வாட்டி சொன்னேன்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் கொட்டாவி விடவில்லை. பதினைந்து பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் வாழ்க்கையில் நான் பேசி ஓர் இடம் அமைதியானது அன்றுதான். ஆம்புலன்ஸ் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிட்டது.

ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போயின. கட்டைவிரலில் நுனி போயிற்று. களிம்பு தேய்த்ததால் மீதிக் கை பிழைத்தது என்று டாக்டரே சொன்னார். கண் விழித்ததும் மாப்பிள்ளை கேட்ட முதல் கேள்வி, பாப்பா போட்டோவுக்கு யார் பின்னிவிட்டது என்பதுதான். அடுத்துச் சொன்னது, "நீங்க மட்டும் இல்லேன்னா மொத்தக் கையும் போயிருக்கும் அண்ணி." இரண்டு மாதம் அவனுக்கு நான்தான் ஊட்டிவிட்டேன். சிரிக்க வைத்துக்கொண்டே சாப்பிடுவான். இப்போது இடது கையால் சட்டைப் பொத்தான் போடுகிறான், ஸ்பானர் பிடிக்கிறான். மகளுக்கு அவனே பின்னுகிறான். ஒரு ஜடை மேலே போகிறது, ஒன்று கீழே போகிறது. அவள் அதை அவிழ்க்கவே விடுவதில்லை.

பட்டறையை நீங்களே பார்த்தீர்கள். கையுறை இல்லாமல் ஒருவர் கேன் பக்கம் போவதில்லை. ஒவ்வொரு பாட்டிலிலும் சீட்டு. நான் தும்மினால்கூடக் கண்ணாடியை மாட்டிக்கொள்கிறார்கள். பதினான்கு மாதமாக ஒரு கீறல் இல்லை. தலைமை அலுவலகம் என்னை நிறுவனத்தின் ஐந்து பட்டறைகளுக்கும் வகுப்பு எடுக்கச் சொன்னது. மாப்பிள்ளையும் கூடவே வருவான். நான் பேசிக்கொண்டே வருவேன், அவன் ஓரமாக நின்று, "இப்ப தூக்கவா அண்ணி?" என்று மெதுவாகக் கேட்பான். தலையசைத்தால் கையைத் தூக்கிக் காட்டுவான். அந்த நேரம் பார்த்து ஃபோர்மன் தும்முவதையும் செய்து காட்டி, பயந்துபோனவர்களைச் சிரிக்கவைப்பான். நல்ல ஜோடி நாங்கள்.

இதெல்லாம் தெரிந்தால் அவன் என்ன ஆவான் என்று கேட்டீர்கள். நானும் அதை நினைத்துப் பார்த்தேன். கொஞ்ச நாள் பேசமாட்டான். என்னை அண்ணி என்று கூப்பிடாமலே போகலாம். என் கணவர் டிவியை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். கஷ்டம்தான். உண்மையிலேயே அது எனக்குக் கஷ்டம்தான், வேறு யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். போன வெள்ளிக்கிழமை ஐந்தாவது பட்டறைக்குப் போனோம். அதுதான் இருப்பதிலேயே பெரியது, நாற்பத்திரண்டு பேர். மாப்பிள்ளை கையைத் தூக்கிக் காட்டினான். உச்சுக் கொட்டினார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். அரை மணி கழித்துப் பார்த்தால் ஒருவர் புதுக் கேனைத் திறந்து விரல் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒன்று புரிந்தது. அவர்களுக்கு அவன் யாரோ ஒருவன். வேற்றாள் கை எத்தனை விரல் இழந்தாலும் உறைக்காது. அவரவர் இடத்து ஆளாக இருக்க வேண்டும்.

அங்கே வெல்டிங் பகுதியில் ஒரு பெண் இருக்கிறாள். வேலை செய்துகொண்டே பாடுகிறாள். அவள் பாடினால் மற்றவர்கள் சுத்தியலை மெதுவாகப் போடுகிறார்கள். எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டவள் அவள்தான். "ஒக்காருங்கக்கா, இவனுங்க எவனுக்கும் காது கேக்காது, நீங்க வீணா தொண்டையக் காயவிடாதீங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. மிகவும் நல்ல பெண். அவளுடைய ஜாப் கார்டு பலகையில் மேலிருந்து மூன்றாவதாக மாட்டியிருக்கிறது.

ஆகவே, அம்மா, நீங்கள் என் வீட்டில் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொள்ளுங்கள். நடந்தது அத்தனையும் எழுதிவிட்டேன், கீழே கையெழுத்தும் போடுகிறேன். அந்த ஒரு வரியை மட்டும் எழுத மாட்டேன். ஒருத்திக்காக நாற்பத்தொரு பேரை என்னால் கைவிட முடியாது.